கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால்

மலையோட்டத்தில் எல்லாருக்கும் கடைசியாக வருவதுதான் என் வேலை; தப்பித் தவறி ஒருவரை முந்திவிட்டால் அன்றைக்கு நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பீர்மேடு பக்கம் பூட்டிக் கிடக்கிற ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஃபாக்டரி பூட்டியதும் வீட்டுக்காரர் கம்பத்துக்குத் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த நான் மலையோட்டக்காரர்களிடம் சேர்ந்தேன். ரோட்டில் ஓடுவது போதாதென்று காட்டுப் பாதையிலும் புல்மலையிலும் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் எஸ்டேட்டில் புறப்பட்டு, பக்கத்து வனப் பூங்காவின் சோலைக்காட்டுக்குள் நுழைந்து, புல்மலை ஏறி, திரும்ப எங்கள் லயத்து வழியாகவே இறங்கி வருவார்கள். பிழைப்புக்காக அடுத்தவர் பின்னாலேயே நடந்துகொண்டிருக்கிறவர் நீங்கள் என்றால், நான் சொல்லப் போவதில் பாதி முன்னமே தெரிந்திருக்கும்.

காட்டைக் கூட்டுகிற வேலை

ஓட்டத்தை நடத்துகிற ஜோஜி சார் எர்ணாகுளத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். "செல்வி சேச்சிதான் நம்ம ஸ்வீப்பர்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். கடைசி ஆளுக்குப் பின்னால் வரவேண்டும். விழுந்தவரைத் தூக்கவேண்டும், வழி தப்பியவரைத் தேடவேண்டும், கெடு நேரம் தாண்டிப் போனவரைச் சமாதானப்படுத்தி ஜீப் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போகவேண்டும். அடையாளத்துக்குக் கட்டிய ரிப்பன்களையும் அவிழ்த்துக்கொண்டே வரவேண்டும். பாதையைத் துடைத்துக்கொண்டு வருவதால் அந்தப் பேர்.

வீட்டில் மாமியாரிடம் சொன்னேன். ஆயுசெல்லாம் கொழுந்தெடுத்து, மூச்சிரைப்போடு ஓய்ந்து உட்கார்ந்தவர் அவர். ஸ்வீப்பர் என்றதும் முகம் சுண்டிப் போய்விட்டது. "எங்கன கூட்டணும்?" என்றார். "காட்டுல" என்றேன். தலையெழுத்து அதுதான் என்றால் ஆகவேண்டியதைப் பார்ப்போம் என்கிற மாதிரி கேட்டார்: "தொடப்பம் அவுக குடுப்பாகளா, நாமதான் கொண்டு போகணுமா?"

ஆரஞ்சு ரிப்பன்

ஓட்டத்துக்கு முந்தின நாள் நானும் ராசையா அண்ணனும் மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டுவோம். ராசையா அண்ணன் எங்கள் லயத்துக்காரர், முன்பு ஃபாக்டரியில் இலை உலர்த்தும் தட்டுகளில் வேலை பார்த்தவர். ஒரு வருஷம் விடிந்து பார்த்தால், லயத்துக்குக் கீழே பாதை பிரிகிற இடத்தில் ஒரு ரிப்பனும் இல்லை. முன்னால் வந்த கூட்டம் அப்படியே கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் தோப்புக்குள் இறங்கிவிட்டது. அதில் ஒருவர் பஸ் போகிற ரோட்டுக்கே போய், டீக்கடையில் "மலை எந்தப் பக்கம்?" என்று விசாரித்திருக்கிறார்.

ரிப்பன் முழுக்க எங்கள் லயத்து மாணிக்கம் அண்ணாச்சி மடியில் இருந்தது. தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ச் சுருட்டி வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சில மாதங்களுக்கு முன்னால் யாரோ நாலைந்து பேர் வந்து இடத்தை அளந்து, மரங்களில் இதே நிறத்தில் நாடா கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. ஜோஜி சார் கோபத்தோடு வந்தார். ராசையா அண்ணன் குறுக்கே புகுந்து, இது பந்தயத்துக்குக் கட்டியது என்று அண்ணாச்சிக்கு விளக்கினார். அண்ணாச்சி மடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஓடுறதுக்கா கட்டினீக? எங்கள ஓட்டுறதுக்குன்னுல்ல நெனச்சேன்."

கார்த்திகேயன்

இன்னொரு வருஷம் கடைசியாக வந்தவர் நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டையில் அந்தப் பேர்தான் இருந்தது. ஆனால் தலை முழுக்க நரை. வேட்டி கட்டிப் பழகியவர் அரை டிரவுசர் போட்ட கூச்சம் நடையிலேயே தெரிந்தது. எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் தென்னந்தோப்பு இருப்பதாகச் சொன்னார். முதலிலிருந்தே ஓடவில்லை, நடந்துதான் வந்தார். சோலைக்குள் அட்டை கடித்து ரத்தம் ஷூவுக்குள் வழிந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

புல்மலை அடிவாரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். நேரமும் தாண்டியிருந்தது. "கார்த்திகேயன் சார், இனிமே மேல ஏற விடமாட்டாங்க. ஜீப்பு வரைக்கும் மெதுவா நடந்துரலாம்" என்றேன். வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "அது எம்பட பையன் பேருங்க அம்மிணி" என்றார். பையனுக்குக் கோயமுத்தூரில் வேலை. இந்த ஓட்டத்துக்குப் பேர் கொடுத்த கையோடு ஊருக்கு வந்தவன், வழியில் பைக்கில் அடிபட்டுப் போய்விட்டான். "ஊட்டுல எல்லாரும் வேண்டாம்னாங்க. அவன் பேரு இங்க கெடக்குதே, யாராச்சும் வரோணுமேன்னு வந்துட்டனுங்க."

கையிலிருந்த வயர்லெஸ் விடாமல் இரைந்தது. கடைசி ஆள் எங்கே என்று மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நின்றுவிட்டால் அவர் பேரைச் சொல்லி, 'விலகிட்டார்' என்று அறிவிக்கவேண்டும், அதுதான் முறை. நான் பொத்தானை அமுக்கப் போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விலகிட்டான்னு சொல்லாதீங்க அம்மிணி. வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லுங்க."

ஆளில்லாத வீடு

சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். கணுக்கால் சுளுக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி இறங்கி வந்தாள். லயம் வந்ததும் வலியை மறந்து போனை எடுத்துவிட்டாள். ஓடு போன கூரை, அதன்மேல் கட்டிய நீலப் படுதா, சுவரில் முளைத்த செடி, எல்லாவற்றையும் படம் பிடித்தாள். "இந்த மாதிரி இடிஞ்ச வீடுன்னா எனக்கு உயிர் அக்கா. எவ்வளவு அமைதி பாருங்க!" என்றாள். அது என் வீடு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை சங்கடப்படும், அப்புறம் அவளை நான் தேற்றவேண்டும். ஏற்கெனவே கால் வேறு சுளுக்கியிருந்தது.

"இங்க யாரும் இல்லல்ல?" என்று கேட்டுவிட்டு, நான் வாயெடுப்பதற்குள் அவசரத்துக்கு ஒதுங்க வீட்டுக்குப் பின்பக்கம் நொண்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து ஒரு இருமல். பிறகு ஜன்னல் வழியாக என் மாமியாரின் குரல், கோபமே இல்லாமல் வந்தது: "ஆளிருக்கு தாயி. இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போ."

உருள்

போன மழைக்கு லயத்துக்குக் கீழே சரிவு அப்படியே கழன்று போனது. மலை இடிந்து இறங்குவதை இங்கே உருள்பொட்டல் என்பார்கள். ஆள் சேதம் இல்லை. மாணிக்கம் அண்ணாச்சியின் தொழுவம் மாட்டோடு போனது. கூடவே எங்கள் பாதையும் போனது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எதற்குமே அந்த ஒரு வழிதான். பஞ்சாயத்தில் கேட்டால், இடம் எஸ்டேட்டுடையது, எஸ்டேட்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். எஸ்டேட்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எங்களுக்கே தெரியாது.

எங்களுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. வருஷா வருஷம் ஓட்டத்துக்கு முன்னால் அந்தப் பாதையில் புதர் வெட்டி, படி கொத்திக் கொடுப்பது ஜோஜி சார் ஆட்கள்தான். எங்களுக்காக இல்லாவிட்டாலும் பந்தயத்துக்காகவாவது சரி பண்ணுவார் என்று லயமே காத்துக் கிடந்தது. அவரும் வந்தார். பறக்கும் கேமராவை விட்டு மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியது, நடிப்பில்லை, நல்ல மனுஷன். ரெண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. லயத்து ஆட்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"சேச்சி, இனி டென்ஷனே வேணாம். ரூட்ட எதிர் மலைக்கு மாத்தியாச்சு."

நாற்காலி

அந்த மழை விடுவதற்குள் ஒரு காலையில் மாமியாருக்கு மூச்சு முட்டியது. ஆவி பிடித்தும் அடங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ரெண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டினோம். ராசையா அண்ணனும் பக்கத்து வீட்டு ஆண்களும் தூக்கினார்கள். சரிந்த இடத்தில் கால் வைக்க முடியாது. வெட்டிக் கவ்வாத்து பண்ண ஆளில்லாமல் மரமாய் வளர்ந்துவிட்ட தேயிலைக்குள் புகுந்து, மலையையே சுற்றிக்கொண்டு போகவேண்டும். நான் முன்னால் போய்க் கிளைகளை விலக்கினேன். எல்லாருக்கும் முன்னால் நான் போனது அன்றைக்குத்தான்.

"ஏ ராசையா, ஆட்டாதடா, நான் என்ன சப்பரமா?" என்று முதலில் வைதுகொண்டுதான் வந்தார். பாதி தூரத்தில் பேச்சு நின்றது. நான் பின்னால் வந்து கையைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்திருந்தார். ரோட்டை நெருங்கும்போது பிடி தளர்ந்தது. தூங்குகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராசையா அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயசு டாக்டர். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். காதில் மாட்டியதைக் கழற்றினார். இடுப்பு வரைக்கும் சேறாக நின்ற எங்களைப் பார்த்து, திட்டுகிற தொனியே இல்லாமல் கேட்டார்: "கொஞ்சம் வேகமா வந்திருக்கக் கூடாதா?"

எதிர் மலை

இந்த வருஷ ஓட்டம் எதிர் மலையில் நடந்தது. காரியமெல்லாம் முடிந்திருந்தது. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். "வீட்ல இருந்து என்ன செய்யப் போற?" என்றார் வீட்டுக்காரர். ரிப்பன் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

கடைசி ஆள் ஒரு பையன், கல்லூரி முடித்தவனாக இருக்கலாம். கடைசியாக வருகிற வருத்தமே கிடையாது. கடலைமிட்டாய் தின்றுகொண்டு, எனக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டு வந்தான். உச்சியில் மஞ்சு மூட்டம் விலகியது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் மலை முழுசாகத் தெரிந்தது. லயத்துக் கூரை, நீலப் படுதா, அதற்குக் கீழே மேலிருந்து அடிவாரம் வரைக்கும் செக்கச் செவேலென்று மண். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ரிப்பனை அவிழ்க்கத் திரும்பினேன். அவன் இடுப்பில் கை வைத்து நின்று, ஆசை தீரப் பார்த்தான்.

"அக்கா, எதிர்ல சிவப்பா நேரா ஒரு வழி இறங்குதே, செம ரூட்டா இருக்கும் போல. அதுல ஏன் வைக்கல?"

நடக்கிறவர்களுக்கு இந்த மலையில் யாரும் பாதை போட்டுத் தரப்போவதில்லை என்று ஆகிவிட்டதால், அடுத்த வருஷம் எங்கள் லயத்தார் எல்லாருமே ஆளுக்கொரு நம்பரை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடியாவது பார்க்கலாம் என்று இருக்கிறோம்.