தண்ணீருக்குள் மாறுகிற நோ

கரண்டு பாய்ச்சினாள் என்பது சுத்தப் பொய். றொசாந்தி தமையனின் தலையில் மாட்டியது கேட்கிற தொப்பி, கரண்டு கொடுக்கிற தொப்பி இல்லை. டொக்டர் குழாய் வைத்து நெஞ்சைக் கேட்கிற மாதிரி அது மூளையைக் கேட்டு, கம்பியூட்டரில் கோடு கோடாகப் போடும். அவ்வளவுதான். தமையனின் மூளையைக் குழப்பி விசராக்கிவிட்டு ஒல்லாந்துக்கு ஓடிவிட்டாள் என்று யாழ்ப்பாணத்துக் குருநகர்ச் சந்தியில் நின்று கதைக்கிறவர்கள் இதையும் கேட்டுவிட்டுக் கதைக்கட்டும்.

தமையன் றஞ்சித் கடலட்டை பிடிக்கக் கடலுக்குள் இறங்குகிறவன். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் கிடந்துவிட்டு விறுக்கென்று மேலே வந்தால் மூட்டெல்லாம் நோகும். அதற்கு அவர்கள் கண்ட கைமருந்து, திரும்பவும் இறங்குவது. கீழே போனதும் நோ மாறிச் சுகமாகிவிடும். மாறுகிறபடியால்தான், கேடு மூளை வரைக்கும் போனாலும், ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை.

பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து அந்தத் தொப்பியைத் தன் கையால் செய்தவள் றொசாந்தி. முதலில் தமையனுக்குத்தான் மாட்டினாள், பகிடியாக.

"என்ன பிள்ளை, மண்டைக்குள்ளை ஏதும் இருக்கோ?"

"ஆடாதேங்கோ அண்ணை."

மூளையின் இடப்பக்கக் கோடு, வலக்கையை ஆட்டுவிக்கிற பக்கம், சோம்பிக் கிடந்தது. அடுத்த கிழமை இன்னும் சோம்பிப்போனது. டொக்டரிடம் ஓடினாள். "இந்தக் கோட்டை வைச்சு ஒண்டும் சொல்லேலாது, ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். ஆள் போகவில்லை.

"நீ செய்த தொப்பி, நீ சொல்லுற வருத்தம். வெளியாள் ஒருத்தன் சொல்லட்டும், கேக்கிறன்" என்று மறுத்தான்.

அந்த வேளையில்தான் ஒல்லாந்துப் பல்கலைக்கழகமொன்றில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான புலமைப்பரிசில் அவளுக்குக் கிடைத்தது. தனி ஆளுக்குக் கொடுக்கமாட்டார்கள். கருவி செய்கிற ஒருவரும் மூளை தெரிந்த ஒருவரும் சோடியாகச் சேரவேண்டும். அந்த மற்ற ஆள் தொப்பியைச் சரிபிழை பார்த்து, றஞ்சித்தின் கோடுகளையும் வாசித்துச் சொல்ல ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் இல்லை. மறுமொழி வரும்வரை இறங்கமாட்டேன் என்று றஞ்சித் அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணினான்.

சனிக்கிழமை காலை, அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகிற வான் வாசலில் வந்து நின்றது. றஞ்சித் அவளுடைய பெட்டியைத் தூக்கினான். நாலடி வைப்பதற்குள் வலக்கை பிடியை விட்டுவிட்டது. விழுந்த பெட்டியைப் பார்க்காமல் அவன் தன் விரல்களைப் பார்த்தான், வேறொருவருடைய விரல்களைப் பார்க்கிற மாதிரி.

"விறைச்சுப்போச்சு. இன்னொருக்கா இறங்கினால் சரியாயிடும்."

"இன்னொருக்காவோ? அப்ப நேற்று இறங்கினனீங்களோ?"

அவன் குனிந்து பெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"நேரம் போகுது பிள்ளை, வெளிக்கிடு" என்றாள் தாய் மக்டலீன்.

போகாமல் நின்றால் அவனைத் தடுக்க றொசாந்தியிடம் வாய்ச்சொல் ஒன்றுதான் இருந்தது. அதை அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான். அவன் கேட்பதாகச் சொன்ன வெளியாளின் சொல் ஒல்லாந்தில் இருந்தது. வான்காரன் ஹோன் அடித்தான். றொசாந்தி பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கேற்றை அவன் இடக்கையால் திறந்துவிட்டான்.