களிக்கு எந்த டயர்

தியாகேசனுக்குத் தன் சகலை துரைராசுவைக் கண்டால் ஆகாது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். குடிக்க மாட்டான், வம்புக்குப் போக மாட்டான், மாமியார் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூட ஓரமாக ஒழுங்காக விடுவான். அப்படிப்பட்ட மனுஷனை எதைச் சொல்லித் திட்டுவது?

இருவருக்கும் ஒரே தொழில். தியாகேசன் மதகடி பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கடை போட்டு இருபத்தெட்டு வருஷம். வாடகை சைக்கிள் விட்டு நன்றாகத்தான் இருந்தார். சர்க்கார் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்ததும் வாடகை படுத்துவிட்டது. பிறகு அந்த இலவச சைக்கிள்களின் பஞ்சரே சோறு போட்டது. துரைராசு சிங்கப்பூர் போய்த் திரும்பி, பட்டுக்கோட்டையில் கண்ணாடி போட்ட கடை திறந்தான். கியர் வண்டி, மவுண்டன் பைக், எல்லாவற்றுக்கும் ஏசி.

“சைக்கிளுக்கு வேர்க்குமாக்கும்” என்று தியாகேசன் நக்கலடித்தார். மனைவி பிரகதாம்பாள் சிரிக்கவே இல்லை. “என் தங்கச்சி குடுத்து வச்சவ” என்றாள். அன்றைக்கு அவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆனால் டயர் என்று வந்தால் தியாகேசனை அடிக்க ஆள் கிடையாது. தஞ்சாவூர்த் தார்ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு வழவழ டயர், காற்று கல் மாதிரி இருக்க வேண்டும். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு மணலென்றால் அகல டயர், காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் போகிறவனுக்கு ஒல்லி டயர்தான். “பல்லு நெருக்கமா இருந்தா களிமண்ணு அப்பிக்கும். ஒல்லி டயரு சேத்த அறுத்துக்கிட்டுப் போயி அடித்தரையத் தொட்டுடும்” என்பார். பாவம், இதை அவராகச் சொன்னால்தான் உண்டு. பஞ்சர் ஒட்டிக்கொண்டு போகிறவன் எவன் நின்று கேட்கிறான்?

ஊர் வயல்களின் நடுவே எரிவாயுக் குழாய் பதிக்கப்போகிறோம் என்று ஒரு கம்பெனி அளந்து கல் நட்டுவிட்டுப் போன வருஷம் அது. எந்தக் கழகம் ஆண்டாலும் அதிகாரிகள் சொல்வது ஒன்றேதான்: மேலிடத்து உத்தரவு. பள்ளம் தோண்டுகிற மெஷின் வந்தால் ஊரே திரண்டு வயலில் இறங்கி நிற்பது என்று முடிவாயிற்று. ஆனால் நடவு வயலில் குனிந்து நிற்கிற பெண்களுக்கு யார் போய்ச் சொல்வது? முழங்கால் சேற்றில் நிற்கிறவள் மடியில் போன் வைத்திருப்பாளா? வரப்பில் மோட்டார் சைக்கிளும் போகாது. “சைக்கிள்ல நான் போறேன்” என்றாள் தியாகேசனின் மகள் ஆனந்தவல்லி. விவசாய டிப்ளமோ முடித்தவள், பயம் என்றால் என்னவென்று தெரியாதவள்.

செய்தி பட்டுக்கோட்டைக்கு எட்டியதுதான் தாமதம். மூன்றாம் நாளே பஸ் கூரையிலிருந்து புத்தம்புது மவுண்டன் பைக் இறங்கியது. துரைராசு அனுப்பியது. கட்டைவிரல் தடிமனில் பல் வைத்த அகல டயர். பஸ் நிறுத்தமே கூடி வேடிக்கை பார்த்தது. ஆனந்தவல்லி ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே நின்றாள். அப்பா கடையில் எந்த வண்டியையும் அவள் அப்படித் தொட்டதில்லை.

“அப்பா, இது மணலுக்குப் போட்ட டயராம். உங்க ஊரு களிக்கு எது சரிவரும்னு அப்பாவக் கேட்டுக்கன்னு சித்தப்பா போன்ல சொன்னாங்க. மாத்தணுமாப்பா?”

தியாகேசன் தலைக்கு மேலேயே தொங்கியது, அதே சக்கரத்துக்குப் பொருந்துகிற ஒன்றரை இஞ்ச் ஒல்லி டயர் ஒரு ஜோடி. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஏசிக் கடைக்காரருக்குத் தெரியாததா?” என்றார். “அவரு போட்டுக் குடுத்தா சரியாத்தான் இருக்கும்.”

“நெசமாவாப்பா?”

“அதான் சொல்றேன்ல.”

அவர் ஒன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை. நாலு பேர் பார்க்க அந்த வண்டி ஒரு தடவை களியில் மாட்ட வேண்டும். மகள் தள்ளிக்கொண்டு தன் கடைக்கு வர வேண்டும். டயரை மாற்றிக் கொடுத்ததும் ஊர், ‘தியாகேசன் தியாகேசன்தான்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவே.

மூன்று நாள் சுள்ளென்று வெயில். வண்டி பறந்தது. தியாகேசன் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நாலாம் நாள் விடிவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. காலை எட்டு மணிக்கு மெயின் ரோட்டில் மெஷின் வந்து நின்றது.

ஆனந்தவல்லி வண்டியில் தாவி ஏறினாள். ‘வண்டியப் போட்டுட்டு ஓடுடி!’ என்று கத்தத்தான் தியாகேசன் வாயைத் திறந்தார். அதற்குள் டீக்கடைச் செல்லதுரை, “பாத்தீங்களாண்ணே, சகலை வண்டி எப்புடிப் போவுதுன்னு!” என்றான். திறந்த வாய் மூடிக்கொண்டது.

வாய்க்கால் கரையில் நாலு தென்னை தூரம் போயிருப்பாள். டயர் பல்லில் களி அப்பி, சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டையில் அடைத்து, சக்கரம் நின்றேவிட்டது. விரலால் தோண்டினாள், நகம் பெயர்ந்தது. வண்டியைக் கடாசிவிட்டு ஓடினாள். ஊர் திரண்டு வந்து மெஷினை மறித்தபோது, அது காத்தாயியின் மூன்று மா வயலையும் குறுக்கே கிழித்திருந்தது. நில உச்சவரம்பில் பட்டா வாங்குவதற்கு அவள் மாமனார் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் மீட்ட நிலம். முந்தின நாள்தான் நட்டிருந்தார்கள். காத்தாயி கையில் ஒரு பிடி நாற்றை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தியாகேசனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் துரைராசு வந்து இறங்கினான். நேரே காத்தாயி வீட்டுக்குப் போய்விட்டுத்தான் கடைக்கு வந்தான். வாய்க்கால் கரையிலிருந்து தூக்கி வந்த வண்டி வாசலில் கிடந்தது, சுற்றிலும் கூட்டம்.

“தப்பு என்னோடதுதாங்க” என்று எல்லார் முன்னாலும் சொன்னான். “மணல் டயர களிக்குக் குடுத்துட்டேன். நானே அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். அவருக்குத் தெரியாத டயரா? மன்னிச்சுக்குங்கண்ணே.”

“இந்த மனசு யாருக்கு வரும்?” என்றார் கூட்டத்தில் ஒருவர். தியாகேசன் உள்ளுக்குள் கறுவினார். அடப்பாவி, நான் செய்த பாவத்தைக்கூடத் தன் தலையில் போட்டுக்கொண்டு நல்லவனாகிவிட்டானே! அந்த நேரத்திலும் பொறாமைதான் முதலில் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தான் அப்பாவிடம் கேட்டதையும், அப்பா சொன்ன பதிலையும் ஆனந்தவல்லி வெளியே விடவே இல்லை. ஸ்டூல் மேல் ஏறி ஒல்லி டயர் இரண்டையும் கழற்றி இறக்கினாள். தியாகேசன் கை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

“சித்தப்பா, நீங்களே மாட்டிக் குடுங்க.”

“உங்கப்பா இருக்கறப்ப நானாம்மா?”

“நீங்களே மாட்டுங்க.”

துரைராசு தயங்கித் தயங்கி வண்டியைக் கவிழ்த்துப் போட்டான். “அண்ணே, டயர நெம்பற லீவர் எங்கண்ணே இருக்கு?” என்று கேட்டான்.

தியாகேசன் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.