ப்ரோச் பண்ணாதே

தாம்பரம் ரயில் நிலையத்தில் நடைமேடை கழுவும் பினாயில் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் என் பற்கள் தாமாகக் கடித்துக்கொள்ளும். அம்மாவின் அறையில் அடித்த வாசனை அது. பெருங்களத்தூர் தாண்டி ஒரு முதியோர் இல்லம். சேர்த்தது என் அண்ணன். சேர்த்தவர் சொன்னால்தான் வெளியே அனுப்புவார்களாம்.

என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“பையன் நான் இருக்கறப்ப, அம்மா பொண்ணு வீட்ல போய் சாப்பிட்டா ஊரு காறித் துப்பும்.”

ஊருக்கு அவன் சொல்லி வைத்திருந்தது வேறு: அம்மா கோயம்புத்தூரில், சித்தி வீட்டில்.

எப்போது கேட்கப் போனாலும் நாள் சரியிருக்காது. வெள்ளிக்கிழமை. அஷ்டமி. விளக்கு வைத்த நேரம். கடைசியில் வாட்ஸப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி: அம்மா விஷயத்தை ப்ரோச் பண்ணாதே, இன்று நாள் நன்றாயில்லை.

மின்ரயிலில் நின்றபடியே ‘ப்ரோச்’ என்ற அந்தச் சொல்லைப் போனில் தேடினேன். கூசுகிற பேச்சை முதன்முதலாக எடுப்பது. மழை, விலைவாசிக்கெல்லாம் அந்த வினைச்சொல் வேண்டாம். கேட்பவர் முகம் மாறும் என்று தெரிந்தே எடுக்கிற பேச்சுக்குத்தான் அது. எந்த விஷயத்தை, யாரிடம் என்று சேர்த்துச் சொல்வது வழக்கமாம். முற்காலத்தில் மதுப் பீப்பாயில் ஆணி அடித்துத் துளைப்பதற்கு இருந்த சொல்லாம். குரோம்பேட்டை வருவதற்குள் எனக்கு அது பிடித்துப்போயிற்று. விஷயம் சரி, இத்தனை நாளும் ‘யாரிடம்’ என்பதில்தான் தவறியிருக்கிறேன். ஆணியை மடியில் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

கோவிலம்பாக்கத்தில் அண்ணனின் ஃபிளாட். அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்வரை நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்மேல் எனக்கென்ன கோபம்? கேசரி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“உங்கம்மா கோயம்புத்தூர்லேர்ந்து வரலியாம்மா?”

“கோயம்புத்தூரா? இங்க பெருங்களத்தூர்ல, ஹோம்ல இருக்காங்கக்கா. அண்ணன் ஒரு போன் பண்ணா போதும், நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

ஹாலில் தலைகள் அண்ணன் பக்கம் திரும்பின.

“ஒரு போன்தானே சம்பந்தி? பண்ணுங்களேன்” என்றார் அந்த அம்மாள், கேசரியைக் கீழே வைத்துவிட்டு.

பண்ணினான். எல்லார் முன்னாலும், குரல் குழற. பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தபடி மிச்சக் கேசரியை வழித்துத் தின்றேன். அப்படியொரு தித்திப்பு.

அம்மாவைக் கூட்டிவரக் கிளம்பினேன். லிஃப்ட் வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தான்.

“இன்னிக்கா அந்தப் பேச்சை எடுப்ப? வேற நாளே கிடைக்கலியா உனக்கு?”

“நீதானேண்ணா ஜோசியர்கிட்ட கேட்டு வெச்ச? இன்னிக்கு ரொம்ப நல்ல நாளு.”