நாலு மணிப் படகும் கோழிக்கூட்டு மருமகனும்

போன மாதம் ஒருநாள் பின்னேரம் நான் வேலி பாய்ந்தேன்.

ஐம்பது கடந்த வயது. அரசாங்க உத்தியோகம். கையில் சாப்பாட்டுப் பெட்டி. மடத்துவெளியில் பஸ்ஸால் இறங்கினேன். ஒழுங்கையைச் சுற்றிப் போனால் நேரம் போய்விடும் என்று பக்கத்து வளவுக்குள்ளால் குறுக்கே புகுந்தேன். காற்சட்டை வேலிக் கதியாலில் மாட்டியது. நான் இந்தப் பக்கம், அதில் ஒரு துண்டு அந்தப் பக்கம்...

நாய் துரத்தியது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. எங்கள் ஒழுங்கையில் இருப்பது ஒரே ஒரு நாய். அது எழும்பி நின்றாலே ஊர் கூடிப் பார்க்கும்.

உண்மை என்ன? ஆறு மணிக்கு டிவியில் ஒரு நகைச்சுவைத் தொடர் போகிறது. அதற்குத்தான் ஓடினேன்.

பெயரைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதையைச் சொல்கிறேன். வேலை போனதை மாமனாருக்கு மறைக்கும் ஒரு மருமகன். காலையில் டை கட்டிப் புறப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் போய்க் கோழிக்கூட்டுக்குள் ஒளிந்திருப்பான். மாமனார் முட்டை எடுக்க வருவார். அவ்வளவுதான். வருடக்கணக்காக அவ்வளவுதான்! இப்போது போவது மறு ஒளிபரப்பு. முதல் தடவை பார்த்தபோதே அது பழைய பகிடி.

இதே பத்தியில் டிவி நாடகங்களை எத்தனை தடவை கிழித்திருக்கிறேன்? நீங்களும் பாராட்டினீர்கள். எழுதி முடித்ததும் நான் எதன் முன்னால் போய்க் குந்தினேன் என்று நல்லவேளையாக ஒருவரும் கேட்கவில்லை.

சரி, ஏன் ஓட வேண்டி வந்தது? எனக்கு வேலை கடலுக்கு அப்பால், நெடுந்தீவில். முன்பெல்லாம் பின்னேரப் படகு நாலு மணிக்கு. ஒரு மணி நேரக் கடல், இக்கரையில் குறிகட்டுவான் துறையில் பஸ், ஆறுக்கு முதல் கதிரையில் ஆள் ரெடி. பிறகு, மீன்பெட்டி ஏற்ற நேரம் காணாது என்று படகை நாலரைக்கு மாற்றிவிட்டார்கள். விளைவு? மருமகன் கூட்டுக்குள் புகும்போது நான் பஸ்ஸில். அவன் வெளியே இழுபடும்போதுதான் வீட்டில்.

போன கிழமை படகுச் சேவைக்குப் பொறுப்பான அதிகாரி நெடுந்தீவுக்கு வந்தார். இறங்குதுறைப் பக்கத்துக் கொட்டகையில் படகு நேரம் பற்றிக் கூட்டம். அன்று அவர் மாட்டேன் என்றால், இனி என்றைக்கும் நாலரைதான்.

முதலில் எழும்பியவர் சிவநேசன் மாஸ்டர். எங்களோடு தினமும் வந்து போகிற கணக்கு ஆசிரியர். பிள்ளைகளின் மாலை வகுப்புகள் பாதிக்கப்படுகின்றன என்றார். அவர் மாலை வகுப்பு எடுத்ததை நான் கண்டதில்லை. அடுத்தது நான். காற்றின் திசை, கடலின் குணம், முதியவர்களின் உடல்நலம்... நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாலு மணிக்கு அடிக்காத காத்து நாலரைக்குத்தான் அடிக்குமோ?"

அவர் பைலை மூடினார். போச்சு, இனிப் பாதி நாடகம்தான் என்று நினைத்தேன்.

அப்போது பத்மா அக்கா எழும்பினார். இறுப்பிட்டியிலிருந்து நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் தாதி.

"ஐயா, இவை ரெண்டு பேரும் சொல்லுறது பொய். ஆறு மணிக்கு நாடகம். கோழிக்கூட்டு நாடகம். நான் பகல் முழுக்கப் புண்ணும் ரத்தமும் பாத்திட்டுப் போறனான். வீட்டை போய் அரை மணித்தியாலம் சிரிக்கவேணும். முதல் பாதி தெரியாம எப்பிடிச் சிரிக்கிறது?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

அதிகாரி பைலைத் திரும்பத் திறந்தார். "எது... மாமனார் முட்டை எடுக்க வாறதோ?"

"ஓம் ஐயா."

"அது இப்பவும் போகுதோ?"

செத்துவிட்டதாக நினைத்த கூட்டாளி சுகமாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டவர் போலக் கேட்டார். பிறகு மீன்பெட்டி ஏற்றும் சூசை அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"நான் முந்தியே ஏத்தித் தாறன்," என்றார் சூசை அண்ணை. "என்ர மனிசியும் உதுதான் பாக்கிறவ. உவை ஒவ்வொரு நாளும் துறையில வந்து நிண்டு புலம்பிறதைக் கேக்க ஏலாது."

முடிந்தது. வென்றோம்!

அந்தத் தொடரில் அப்படி என்னதான் இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இந்தத் தீவுகளில் நாங்கள் இருந்த காலம் போதாதா? என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்த அரை மணி நேரம் ஒன்று ஒரு மனுசனுக்கு வேண்டும். மாமனார் வருவார். முட்டை உடையும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

இந்தத் திங்கட்கிழமை, படகு நாலு மணிக்கே துறையை விட்டது. பின்னாலிருந்து யாரோ கோழி மாதிரிக் கொக்கரித்தார்கள். இன்னொருவர் சேர்ந்தார். சிவநேசன் மாஸ்டர் சேர்ந்தார். அரசாங்க உத்தியோகத்தர்கள் ஒரு படகு நிறையக் கொக்கரித்தபடி கடல் கடந்தோம். அப்படியொரு வெற்றி ஊர்வலத்தை நான் கண்டதில்லை.

எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பத்மா அக்காவிடம், என்ன இருந்தாலும் அத்திவாரம் போட்டது என்னுடைய காற்றுப் பேச்சுத்தான் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் இன்னும் அஞ்சு நிமிசம் கதைச்சிருந்தா, அந்த மனுசன் படகையே நிப்பாட்டியிருப்பார்."