ஐந்தாவது ராணி ரூபாய்

என் வீட்டுக்காரருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூடக் கிடையாது. காசு கொடுத்துக் காசு வாங்குகிற பழக்கம் ஒன்று மட்டும் இருந்தது. கொடைக்கானல் பஜாரில் ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தார். ஊரைக் காலி செய்து புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், சாமான்களை உடையாமல் ஏற்றிவிட்டதற்காக, அவர் கையில் பழைய ராணி ரூபாய் ஒன்றை வைத்துவிட்டுப் போனது. மனுஷன் கெட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் யார் வீட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அங்கே போய் நிற்பார். எங்கள் வீட்டில் அந்த ராணிக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. அவளுக்குப் பஞ்சு வைத்த பெட்டி, எனக்கு ஒழுகுகிற தகரக் கூரை.

நயா பைசா வந்து, எல்லோரும் கணக்குப் புரியாமல் முழித்துக்கொண்டிருந்த சமயம். பஜாரில் பாய் ஒருவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். சீசன் முடிந்து காலியாகிற பங்களாக்களில் கடிகாரம், பீங்கான், பித்தளை என்று வாங்கி விற்பவர். அவர் இவரைக் கூப்பிட்டு ஐந்து ராணி ரூபாய்களைக் காட்டினார். கிரீடம் வைக்காத இளம் ராணி, சுலபத்தில் கிடைக்காதது. வத்தலக்குண்டுச் சந்தையில் ஒருவன் ஐந்தையும் மொத்தமாகத் தள்ளிவிட்டானாம். இவர் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிவந்தார். ராணியை உலையில் போட்டால் சோறாகுமா என்று கேட்டேன். அவர் எங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை, மூன்று வயது. ராணியின் முகத்தைப் பார்த்து "அம்மா" என்றாள். அதற்கு மட்டும் நான் சிரித்தேன்.

அந்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார், ஊசி போட்டார், மறுநாள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால், பழனியாண்டவனை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குணமானதும் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். நான் துணியை மஞ்சளில் நனைத்துக்கொண்டு, ஒன்றேகால் ரூபாய் எடுங்கள் என்றேன். அவர் பெட்டியைத் திறந்து அந்த ஐந்தில் ஒன்றை எடுத்துவந்தார். சாமிக்கு ஊரில் செல்லுகிற காசு போதாதா என்று கேட்டேன்.

"இருக்கறதுலயே நல்லதக் குடுப்போம் புள்ள," என்றார். அவரே இறுக்கி முடிந்து வைத்தார்.

பிள்ளை தங்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

முடிச்சு படத்துக்கு முன்னால் அப்படியே கிடந்தது. பேத்துப்பாறையிலிருந்து பீன்ஸ் கொண்டுவருகிற பெண் அதைப் பார்த்துவிட்டு, சாமிக் காசை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, பிள்ளை போனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கொடுக்காதவனுக்கு எதற்குக் கொண்டுபோய்க் கொடுப்பது? குறிஞ்சியாண்டவர் கோயில் மேட்டில் நின்றால், மேகம் விலகுகிற நேரம், வெகு கீழே பழனி மலை சின்னதாகத் தெரியும். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் கதவைச் சாத்தினாலும் மேகம் உள்ளே வரும். கதவிடுக்கில் நுழைந்து, அவள் படுத்திருந்த மூலையில் போய் நிற்கும். கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது அந்த மூலையில் இருமல் கேட்கும். போர்வையை இழுத்துவிட என் கை தானாக நீளும். அவருக்கும் கேட்டது. கேட்டதாக அவர் சொன்னதில்லை. நான் நிமிர்கிற அதே நேரத்தில் அவரும் நிமிர்வார், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பல மாதம் கழித்து, நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசுப் பெட்டியை வெளியே எடுத்தார். மனுஷன் பழைய சோலிக்குத் திரும்பிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மீதி நான்கு ராணிகளையும் வாசலில் வரிசையாக வைத்து, லென்சைப் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ராணியின் தாடைக்குக் கீழே கடுகளவு ஒரு குழி. நான்கிலும் அதே இடத்தில் அதே குழி. காதுக்கு மேலே கூந்தல் தேய்ந்திருந்தது. நான்கிலும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தது. நாலு பேர் கையில் புழங்கிய காசு நாலு விதமாகத்தான் தேயும், இதெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது என்றார். வெள்ளைக்காரர் கொடுத்த ரூபாயைக் கல்லில் போட்டார், கணீரென்றது. இவற்றைப் போட்டார், தகர மூடி விழுந்த மாதிரி இருந்தது. மளிகைக் கடைத் தராசில் நல்ல ரூபாய்க்கு எதிர்த்தட்டில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நான்கும் மேலே எழும்பின.

அரை மாதச் சம்பளம் என்று கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஐந்தாவது அங்கே இருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. முடிந்து வைத்த காசில் அந்தக் குழி இருந்ததா, இல்லையா? இருந்ததிலேயே முகம் சுத்தமானதைத்தானே எடுத்தேன், அப்படியானால் இருந்திருக்காது என்பார். இலையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும், இல்லை, அன்றைக்கு வெளிச்சம் போதாது, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். போலிக் காசைக் கொடுத்துப் பிள்ளையைக் கேட்டிருக்கிறேனே, ஆண்டவன் எப்படிக் கொடுப்பான் என்று ஒரு நாள் சொன்னார். ஒரு முறைதான் சொன்னார். எனக்கு ஆயுசுக்கும் அது போதும்.

நானும் யோசிக்காமல் இல்லை. அது போலி என்றால், பிள்ளை போனதற்கு இவர் கை காரணம் என்று ஆகும். நல்ல காசு என்றால், அதையும் வைத்துக்கொண்டு பிள்ளையையும் எடுத்துக்கொண்ட சாமியை நான் என்ன சொல்வது? இரண்டில் எது தெரிந்தாலும் எங்களால் தாங்க முடியாது. முடிச்சை அவிழ்க்கவே கூடாது என்று முடிவு கட்டினேன்.

கொடுத்த பணத்தையாவது திரும்ப வாங்குங்கள் என்று அவரைக் கிளப்பியது நான்தான். ஏமாந்த எரிச்சலை யார் மேலாவது காட்ட வேண்டுமே. பாய் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. லென்சு வைத்துப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். இவர் நான்கு குழிகளையும் காட்டியதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அவரும் எங்களைப் போல ஏமாந்தவர்தான். பணம் தருகிறேன், ஆனால் ஐந்தையும் கொண்டுவர வேண்டும், மொத்தமாகக் கொண்டுபோய்ப் போட்டால்தான் சந்தைக்காரனிடம் நான் கேட்க முடியும் என்றார். நியாயமான பேச்சு. இவர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முடிச்சில் கை வைத்தார். அவருக்குப் பணம் பெரிதில்லை, அவிழ்க்க ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது. நான் அதைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன். மறுநாள் வெள்ளனே நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார்.

பாய் கடையில் கண்ணாடிப் பெட்டி மேல் நான்கு காசுகளையும் வைத்து, பக்கத்தில் முடிச்சையும் வைத்தேன்.

"அஞ்சும் இருக்கு பாய். இத மட்டும் அவுக்க விடமாட்டேன்," என்றேன்.

பாய் மஞ்சள் துணியைப் பார்த்தார். எங்கள் மகளை அவருக்கு நன்றாகத் தெரியும். கடைக்குள் அவள் நுழைந்தாலே மணி அடிக்கிற கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் காட்டுவார். துணியின் பக்கம் அவர் கையைக்கூடக் கொண்டுவரவில்லை.

"அத எடுத்து வைங்கம்மா. அஞ்சுக்கும் தந்துர்றேன்," என்று மெதுவாகச் சொல்லி, பணத்தை எண்ணி வைத்தார்.

வாங்கிக்கொண்டு படியிறங்கினோம். காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் கடைக்கு எதிரே நடுரோட்டில் நிற்கிறார். பொதி ஏற்றிய மட்டக்குதிரைகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

"அஞ்சுக்கும் வாங்கிட்டோமே," என்றார். "அப்ப அதுவும் போலின்னு நாமளே ஒத்துக்கிட்டோம்."

பிள்ளையைக் கிடத்தியிருந்தபோதுகூட அவர் முகம் அப்படி இல்லை. இந்த மனுஷனையும் நான் இழந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. விறுவிறுவென்று கடைக்குத் திரும்பினேன். ஒரு காசுக்கு உண்டான பணத்தைப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தேன். ரோட்டில் நிற்பவருக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசினேன்.

"நாலுதான் போலி பாய். இது நல்ல காசு."

வாசல் வரை வந்துவிட்ட இவர்தான் கேட்டார், அவிழ்க்காமல் எப்படித் தெரியும் என்று.

"நீங்க நல்ல காசத்தான் குடுத்தீங்க," என்றேன். "அதையும் வச்சுக்கிட்டு பிள்ளையையும் எடுத்துக்கிட்டது அவன். அந்தப் பாவம் அவனுக்கு. உங்களுக்கு இல்ல."

நடு பஜாரில் சாமியைப் பழித்த முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பணத்தை எடுத்து உள்ளே போட்டார்.

அந்த வாரமே மலையிறங்கிப் பழனிக்குப் போனோம். முடிச்சை அப்படியே உண்டியலில் போட்டார். துணியோடு விழுந்ததால் சத்தம் வரவில்லை. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. அடிவாரத்தில் ஒரு ஓட்டலில் இலை நிறையச் சோறு வாங்கி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பெட்டியில் இருந்த நல்ல ராணிகளையும் அவர் விற்றுவிட்டார். ஆனால் மழைக்காலம் வந்து, மேகம் வீட்டுக்குள் நுழைந்து, அந்த மூலையில் சத்தம் கேட்கத் தொடங்கினால் என்னைப் பார்ப்பார்.

"அது நல்ல காசுதான புள்ள?"

"நல்ல காசுதாங்க," என்பேன். கீரை ஆய்ந்துகொண்டே சொல்லியிருக்கிறேன், வேறு வேலை இல்லையா என்று எரிந்து விழுந்துவிட்டும் சொல்லியிருக்கிறேன். ஒரு மழைக்குக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அதைக் கேட்டதும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார்.

இப்போது அவரும் இல்லை. மேகம் வருகிறது, மூலையில் இருமல் கேட்கிறது, அந்தக் கேள்வி என்னிடம் வந்துவிட்டது. நான் அவருக்குச் சொன்ன பதிலை எனக்கே சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. அது நல்ல காசா, போலியா என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் பழனியில் நிற்கிறான். அவனோடு நான் பேசுவதில்லை.