மாமா எண்ணிய சனத்தொகை

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் எனக்கு வேலை. கட்டுரை எழுதும் மாணவர்கள் இணையத்தில் கண்ட புள்ளிவிவரத்தைக் கொண்டுவந்து, இதை நம்பலாமா என்று கேட்பார்கள். யார் எண்ணியது, எப்போது எண்ணியது, எப்படி எண்ணியது என்று நான் திருப்பிக் கேட்பேன். இதை எந்தப் பட்டப்படிப்பிலும் நான் கற்கவில்லை. ஆறாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை, நாங்கள் மதாம் என்று கூப்பிடுபவர், பலகையில் பிரெஞ்சில் எழுதிப்போட்ட கேள்விகள் இவை. அந்த வருடம்தான் எனக்கும் என் மாமாவுக்கும் ஒரு தொகையை வைத்து மனத்தாங்கல் வந்தது.

அப்போது நாங்கள் மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். மிச்ச நேரத்தில் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். எங்கள் வீட்டில் பிரெஞ்சு நன்றாக விளங்கிய பெரியவர் அவர் ஒருவர்தான். சமையல்காரர்களிடம் ஏச்சு வாங்கி வாங்கிப் படித்த பிரெஞ்சு அது.

நகரத்தைப் பற்றி ஒரு கேள்வியை எடுத்து, அதற்கான எண்ணைத் தேடி, அது எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் சொல்ல வேண்டும். இதுதான் மதாம் தந்த வேலை. மொன்றியலில் எத்தனை தமிழர் என்று நான் எடுத்தேன். இணையத்தில் முதல் தேடலிலேயே விடை வந்துவிட்டது. சுழியங்கள் வரிசையாக நிற்கும் பெரிய தொகை. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் யாராவது எடுத்து இன்னோரிடத்தில் போட்டுவிடுவார்கள்.

மதாமுக்கு அது போதவில்லை. இந்தப் பக்கம் எண்ணவில்லை, எங்கிருந்தோ எடுத்திருக்கிறது, அங்கே போ என்றார். போனேன். அது ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் இருந்து எடுத்திருந்தது. பத்திரிகை ஒரு திருமண மண்டபத்தின் இணையத்தளத்தைச் சொன்னது. மண்டபத்தின் பக்கத்தில் அந்தத் தொகைக்குக் கீழே ஓர் இணைப்பு இருந்தது. அதை அழுத்தினேன். பச்சை நிறத்தில், மூலையில் ஓர் உதைபந்து சுழல, மாமாவின் விளையாட்டுக் கழகத்தின் பக்கம் திறந்தது. அடியில் தொடர்புக்கு என்று கொடுத்திருந்தது எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கம்.

மாமா அன்று வேலைக்குப் போகவில்லை. குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்த நம்பரை ஆர் எண்ணினது?"

"நான்தான்," என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

"எப்பிடி?"

கத்தியை வைத்துவிட்டு விளக்கினார். கோயில் தேருக்கு எத்தனை சாப்பாட்டுத் தட்டு முடிந்தது என்று அவருக்குத் தெரியும். தேருக்கு வந்த ஒருவருக்கு, வேலையால் வர முடியாமல் போனவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அதோடு கோயிலுக்கு வராத வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். அதோடு கைக்குழந்தைகள், அவர்களுக்குத் தட்டு இல்லை. கடைசியில் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தவர்களையும் சேர்த்திருந்தார்.

"அவை இங்க இல்லையே மாமா?"

"போனவை திரும்பி வருவினம்தானே. கழகத்தின்ர பேரில கிரவுண்ட் கேட்டு நகரசபைக்கு எழுதேக்க, எத்தினை சனம் எண்டு கேட்டவை. சின்ன நம்பரைக் குடுத்தா ஆர் கிரவுண்ட் தருவினம்?"

கிரவுண்ட் கிடைத்திருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் கழகத்தார் விளையாடியது அந்தத் தொகையின் மேல்தான்.

மறுநாள் மதாம் அரசாங்கத்தின் சனத்தொகைக் கணக்கெடுப்பை எப்படித் தேடுவது என்று காட்டித் தந்தார். தாய்மொழிவாரியாக அட்டவணை இருந்தது. எண்ணிய வருடம், எண்ணிய முறை, விளங்காத சொற்களுக்கு அடிக்குறிப்பு, எல்லாம் இருந்தன. தொகைதான் மாமாவுடையதைவிட மிகச் சிறியது. அன்று இரவுச் சாப்பாட்டில் அதை அறிவித்தேன்.

"அது பிழை," என்றார் மாமா.

"பிழையில்லை. ஒவ்வொரு வீடா எண்ணினவை. அப்பா, எங்கட வீட்டையும் எண்ணினவையோ?"

"ஓம், நான்தான் கொம்பியூட்டரில நிரப்பினனான்."

"எத்தினை பேர் எண்டு போட்டனீங்கள்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "மூண்டு."

"மாமாவை விட்டிட்டியள்!" என்று கத்தினேன். மதாம் இதைக் கேட்டால் எவ்வளவு மகிழ்வார்! அரசாங்கத்தின் கணக்கிலேயே ஒரு பிழையை நான் பிடித்துவிட்டேன். மேசையில் யாரும் சிரிக்கவில்லை. மாமா மட்டும், "பாத்தியே, அவையின்ர கணக்கும் பிழைதான்," என்றார்.

மாமாவின் அகதி விண்ணப்பம் அப்போது மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தது. அது முடியும்வரை அரசாங்கத்துக்குப் போகும் எதிலும் அவர் பெயர் வேண்டாம் என்று அப்பா முடிவெடுத்திருந்தார். கணக்கெடுப்புக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று இன்று என்னால் சொல்ல முடியும். அன்று வீட்டில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. வழக்கு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

வகுப்பில் பேசப்போவதை முதலில் மாமாவிடம்தான் சொல்லிக் காட்டினேன். அவருடைய தொகை எப்படிப் பிறந்தது என்பதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். முடிவில், அரசாங்கத்தின் தொகையே நம்பகமானது, ஆனால் அதில் குறைந்தது ஒருவர் குறைகிறார், அவர் என் மாமா என்று பிரெஞ்சில் முடித்தேன்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லாயிருக்கு. அந்தக் கடைசி வசனத்தை மட்டும் மாத்துவமே, பிள்ளை? 'சிலர் விடுபட்டிருக்கலாம்' எண்டு சொல்லன்."

"சிலர் எண்டு சொல்லக் கூடாது. மதாம் ஆர் எண்டு கேப்பா."

"கேட்டா, தெரியாது எண்டு சொல்லு."

"எனக்குத் தெரியுமே!"

அவர் என் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "எனக்காகச் சொல்லம்மா," என்றார். மாமா என்னிடம் ஒருநாளும் எதற்கும் கெஞ்சியதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. சரி என்று முறைத்துக்கொண்டு போனேன்.

வகுப்பில் எல்லாம் நன்றாகப் போனது. தட்டுக் கணக்கைக் கேட்டு மதாமே சிரித்தார். கடைசியில் சிலர் விடுபட்டிருக்கலாம் என்றேன்.

"அது உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?" என்று மதாம் கேட்டார்.

விடை என் நாக்கு நுனியில் நின்றது. எதிரே இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தெரியாது என்றேன். மதாமின் புருவம் உயர்ந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். தாள் கைக்கு வந்தபோது கடைசி வசனத்தின் கீழே சிவப்பில் கோடு. பக்கத்தில், 'ஆதாரம் இல்லை'. மதிப்பெண்ணும் குறைந்திருந்தது.

பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். தாளை மேசையில் எறிந்து, நடந்ததைச் சொன்னேன். "மதாம் ஆர் எண்டு கேட்டவ. தெரியாது எண்டு சொன்னன். உங்களாலதான்," என்று மாமாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கீழே தெப்பனோர் என்கிற மூலைக்கடைக்குப் போய், எனக்குப் பிடித்த ஐஸ்கிரீமைப் பெரிய பெட்டியாகவே வாங்கி வந்தார்.

அம்மா தாளை எடுத்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. சிவப்புக் கோட்டில் விரலை வைத்து இது என்ன என்று மாமாவைக் கேட்டார். அவர் தமிழில் சொன்னார். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் ஏன் என்று கேட்கும் அம்மா, தாளைக் கையால் நீவி மடிப்பெடுத்து, பிரிட்ஜ் கதவின் நடுவில் காந்தத்தால் ஒட்டினார். கடைக்குப் போனவர் ஐஸ்கிரீம் வாங்கி வந்ததைக்கூட என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய தாள்கள் எல்லாம் அலமாரியில் கிடக்க, இதை எதற்காக எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. என்னை அவமானப்படுத்தத்தான் என்று நினைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது அதைக் கழற்றினேன். மறுநாள் காலையில் அது திரும்பவும் அங்கேயே இருந்தது.