எட்டுக் குமிழ் அகலத்தில் ஒரு பச்சை டிரக்

டெட்ராய்ட்டில் உள்ள கார்த் தொழிற்சாலைகள் அத்தனையையும் இன்று மாலை இழுத்து மூடிவிட்டாலும் இந்த நாடு பயப்பட வேண்டியதில்லை. மார்லா கங்காஸ் இருக்கிறார். வரும் சனிக்கிழமை பதினோரு மணிக்குள் மொத்த வாகனத் தொழிலையும் மறுபடி தொடங்கி வைத்துவிடுவார். ஒரே நிபந்தனை, ஓட்டுகிறவர் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கக் கூடாது.

இந்த நிமிடம் அவர் மேசை மேல் குனிந்து, ஒட்டிக்கொண்ட இரண்டு லெகோ கட்டைகளைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார். பிரிப்பதற்கென்றே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. மார்லாவிடம் அப்படிப் பதினேழு இருக்கிறது. ஒன்றையும் தொடமாட்டார். "பல்லு எப்பவும் கூடவே இருக்கு, தேட வேண்டாம்" என்பார். முன்பல் ஒன்றின் ஓரம் கட்டையின் விளிம்புக்குப் பொருத்தமாகவே தேய்ந்திருக்கிறது.

இடம், எங்கள் ஊர் பௌலிங் கூடத்தின் பின்னறை. முன்னால் என் அம்மா வாடகை ஷூ கொடுக்கிறார், அதனால் சனிக்கிழமைகளில் நானும் இங்கேதான் கிடக்கிறேன். பின்னறையில் ஏழு பேர் கூடிக் கட்டைகளால் வண்டி செய்வார்கள். வேறு நல்ல அறை நூலகத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே சுவர் அதிராது. இங்கே யாராவது பந்தை உருட்டிப் பத்துப் பின்களையும் சாய்த்தால் மேசை நடுங்கும். எந்த வண்டியில் எது சரியாகப் பொருந்தவில்லையோ அது கடகடக்கும். மார்லா அந்தக் குட்டி வண்டியின் கூரையோடு காதை வைத்துக் கேட்பார். "இடது மட்கார்டு பேசுது" என்பார். பிரித்துப் பார்த்தால் இடது மட்கார்டுதான்.

வயது நாற்பத்து நாலு. பிழைப்பு, ஊருக்கு வெளியே இருக்கும் காயலான் கடையில். சாகவந்த கார்களை வரவேற்பது அவர் வேலை. முன்கண்ணாடியில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் எண்ணும் தேதியும் எழுதுவார். பிறகு வண்டி, நசுக்கித் தகடாக அழுத்தும் இயந்திரத்துக்குப் போகும். போவதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுத்து, கையளவுக் குச்சியால் அளந்துகொள்வார். இரண்டு வாரத்தில் அந்த வண்டி, கட்டைகளின் தலையில் இருக்கும் குமிழ்களால் எண்ணினால் எட்டுக் குமிழ் அகலத்தில், இந்த மேசை மேல் நிற்கும். புதிதாக அல்ல. சாலையில் கொட்டும் உப்பு தின்ற இடமெல்லாம் பழுப்புக் கட்டை. உடைந்த ஜன்னலில் பாலிதீன். மூன்று கதவு வெள்ளை, ஒன்று சிவப்பு.

அஞ்சல்காரர் டெல்பர்ட் எதிர் நாற்காலியில் ரயில் கட்டுகிறவர். "அம்மணி, உங்க காரத் தொட்டா தடுப்பூசி போட்டுக்கணும் போல இருக்கு" என்பார்.

"உங்க ரயிலு எங்கயாச்சும் போய்ச் சேந்திருக்கா? வட்டமாத்தான சுத்துது" என்பார் மார்லா.

ஒருமுறை ஒரு கிழவர் தன் பழைய காரின் பொம்மையைப் பார்த்துவிட்டு, "புதுசா இருந்தப்ப எவ்ளோ அழகு தெரியுமா? அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். "புதுசா இருந்தப்ப எனக்கு அதத் தெரியாதே" என்றார் மார்லா. "எங்கிட்ட வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு." கிழவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு ஆட்டம் முடிகிற வரை நின்றார்.

இன்னொரு பைத்தியத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குமிழின் தலையிலும் பொடி எழுத்துகள் புடைத்திருக்கும். மார்லாவின் வண்டிகளில் எல்லா எழுத்தும் ஒரே பக்கம் பார்க்கும். வெளியே தெரியும் குமிழ்கள் மட்டுமல்ல, உள்ளே புதைந்து இனி யாரும் பார்க்கப்போகாதவையும். "யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டால், "எனக்குத் தெரியுமே" என்பார்.

நான் சும்மா இருக்கிற பிறவி இல்லை. பள்ளியில் பாதி நாள் வெளியே நிறுத்தப்பட்டு, மீதிப் பாதியில் அதற்கான காரணங்களைத் தயாரிக்கிறவள். மார்லாவின் சவ வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பசுவை வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் கூரையில் ஒரு கழிவறைப் பீங்கான். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கண்டுபிடித்துவிடுவார். "ஏய் வாலு, பசு லைசென்ஸ் எடுத்துருச்சா?" என்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அடுத்த வாரமும் செய்வேன்.

எல்லா வண்டியிலும் குறும்பு செய்யலாம், பச்சை டிரக்கைத் தவிர.

அது அவர் தம்பி ரெய்னோவின் டிரக். ரெய்னோவுக்கு ஏரிக் கப்பலில் வேலை. பனி விலகியதும் போனால் ஜனவரியில்தான் வீடு. ஆறு வருடம் முன்பு அப்படிப் போயிருந்தபோது அவருடைய டிரக் மார்லாவின் வாசலில் நின்றது. தரை இற்று, உட்கார்ந்தால் சாலை தெரியும். நல்லது செய்வதாக நினைத்து மார்லா அதைத் தன் கடைக்கே இழுத்துப்போய் அழுத்திவிட்டார். ரெய்னோ அந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்ய உதிரிப்பாகங்களோடு வந்து இறங்கினார். காலி இடத்தைப் பார்த்தார். அக்காவும் தம்பியும் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். பேச்சு இல்லை. இவர் எண்ணைப் பார்த்தால் அவர் போனை எடுப்பதில்லை.

படம் எடுக்காமல் மார்லா அழுத்திய கடைசி வண்டி அதுதான். அதற்குப் பிறகுதான் எல்லா வண்டியையும் படம் எடுக்கத் தொடங்கினார்.

அதனால் பச்சை டிரக் நினைவிலிருந்து கட்டியது. கட்டி முடிந்ததே இல்லை. ஜன்னல் ஏற்றும் கைப்பிடி உடைந்து ரெய்னோ அங்கே ஒரு இடுக்கியை மாட்டியிருந்தாராம். அந்த இடுக்கிக்குப் பொருத்தமான சாம்பல் துண்டு கிடைக்க ஒரு வருடம். பின்கதவைக் கட்டியிருந்த சைக்கிள் சங்கிலிக்கு இன்னொரு வருடம். கூரையில் இருக்கும் மஞ்சள் விளக்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்பும். அந்த நுட்பம் முழுக்க வயிற்றுக்குள். அதை எப்படித் திறப்பது என்று யாருக்கும் தெரியாது. "கண்டுபிடிக்கறவங்களுக்கு ஒரு பேஸ்ட்டி" என்று மார்லா பந்தயம் வைத்திருந்தார். மாட்டிறைச்சியும் கிழங்கும் அடைத்து, மார்லா தன் கையால் சுட்டது. டெல்பர்ட் மூன்று சனிக்கிழமை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பட்டினியாகவே போனார்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை கண்காட்சி. பௌலிங் தளங்களின் மேல் பலகை போட்டு ஊரே வந்து பார்க்கும். நாலு வருடமாக மார்லா பச்சை டிரக்கை வாசலுக்கு நேர் எதிரே வைப்பார். ரெய்னோ வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நாலு வருடமும் வரவில்லை.

இந்த வருடம் காலையில் மார்லா வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கப் போனபோது நான் டிரக்கோடு தனியாக இருந்தேன். திருப்பினேன். அடியில் இருக்கும் உதிரிச் சக்கரம் லேசாக ஆடியது; அதைக் கால் சுற்றுத் திருகி, அதன் பின்னால் இருந்த சாம்பல் ஊசியை நகத்தால் தள்ளினேன். டிக். வயிறு திறந்தது.

பந்தயத்தை எல்லார் முன்னாலும் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. பற்சக்கரத்துக்கு முன்னால் இருந்த பல் பட்டையைக் கழற்றிப் பின்னால் வைத்து மூடினேன். இனி விளக்கை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் போகும். மார்லா திருப்பிப் பார்ப்பார், விழிப்பார், "வாலு!" என்பார், நான் பேஸ்ட்டியைக் கேட்பேன். திட்டம் அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு ரெய்னோ வந்தார்.

கையில் தொப்பி. நேராக மேசைக்கு வந்து குனிந்தார். மார்லா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். ரெய்னோ கதவு ஜன்னலுக்குள் பார்த்தார். "இடுக்கி" என்றார். பின்னால் பார்த்தார். "சங்கிலி கூடவா?" வாயோரம் ஏதோ அசைந்தது. பிறகு டிரக்கைக் கையில் எடுத்து, விரலால் மஞ்சள் விளக்கைத் திருப்பினார். சக்கரங்கள் எதிர்ப்பக்கம் போயின. இன்னொரு முறை திருப்பினார்.

"ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் அதே நக்கல்தானா, மார்லா?"

"என்ன நக்கல்? ரெய்னோ, நில்லுடா..."

ரெய்னோ டிரக்கை மெதுவாகவே வைத்தார். எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டெல்பர்ட் அப்புறம் சொன்னார். டிரக்கை ஏன் அழுத்தினாய் என்று ரெய்னோ கத்தியபோது மார்லாவும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். "இடப்பக்கம் திருப்பினா வலப்பக்கம் போற வண்டி, உன்ன மாதிரியே." ஊர் சிரித்த பேச்சு அது. எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாதுதான். ஆனால் அங்கே, நாலடி தள்ளி, வாயில் சோளப்பொரியோடு நின்றுகொண்டிருந்தேன். மார்லா டிரக்கை எடுத்து விளக்கைத் திருப்பினார். சக்கரத்தைப் பார்த்தார். "நான்தான் மாத்தி வெச்சிருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "மனசுல கெடக்கறது கையில வந்துருச்சு." சொல்ல வேண்டிய இடம் அது. நான் சோளப்பொரியை மென்று விழுங்கினேன்.

ஒரு காலி ஷூ டப்பாவில் டிரக்கைப் போட்டு மூடினார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார், எதையும் கட்டவில்லை. கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டே இருந்தார். இந்தக் கூட்டத்தில் ஒருவர் கட்டாமல் பிரித்துக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கடைக்கு ஒரு நீல மினிவேன் வந்ததாம், பக்கவாட்டில் ஒரு குழந்தை கிறுக்கிய மீன்களோடு. "படம் எடுக்கலையா?" என்று டெல்பர்ட் கேட்டார். "எதுக்கு?" என்றார் மார்லா.

என் பழைய பெட்டியிலிருந்து அரிதான கரும்பச்சை வளைவுத் துண்டுகள் மூன்றை எடுத்துப்போய் அவர் தட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, கரும்பச்சை டப்பாவில் போட்டார். அவ்வளவுதான்.

"மார்லா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"தொப்பில பஞ்சு ஒட்டியிருக்கு."

அன்றே இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை தொப்பியே போட்டிருக்கவில்லை.

நேரில் வராத வாய் எழுத்திலாவது வரட்டும் என்றுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். அடுத்த சனிக்கிழமைக்குள் பல், மட்கார்டு, பசு என்று பாதி எழுதியாகிவிட்டது. டிரக்குக்கு மட்டும் வரவில்லை. அன்று மார்லா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னப் பத்திப் பத்திரிகைக்கு எழுதறியாமே?"

"ஆமா. பல்லப் பத்தி எழுதிட்டேன்."

"நல்லாருக்கு போ, எழுத வேற எதுவும் கெடைக்கல." ஷூ டப்பாவை மேசை மேல் வைத்துத் திறந்தார். "இது இல்லாம என்ன கட்டுரை? பாத்துக்க. உள்ள எப்படி இருக்குன்னு நாலு வரி எழுது."

சொல்லிவிட்டுக் கைக்குட்டை தேடுவதுபோலக் கோட்டுப் பையில் கை விட்டார். நான் டிரக்கை எடுத்தேன். உள்ளே இருப்பதை எப்படி எழுதுவது, பற்சக்கரம் என்றால் வாசகர்களுக்குப் புரியுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கை தன்பாட்டுக்கு அதைத் திருப்பியது. உதிரிச் சக்கரம், கால் சுற்று. ஊசி, நகம்.

டிக்.

முன்னால் யாரும் பந்து உருட்டவில்லை. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தலை நிமிர்ந்தேன். மார்லா டிரக்கைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுண்டுவிரல் நகத்தை டிரக்கின் வயிற்றுக்குள் நீட்டினார். பல் பட்டையைப் பிடித்திருந்த மெல்லிய தகடு. அதன் குமிழ்களில் எழுத்துகள் தலைகீழாக இருந்தன. அதைச் சுற்றி இருந்த நூறு குமிழ்களும் ஒரே பக்கம் பார்த்தன.

"மூணு வாரம் இதத் தொறக்கவே இல்ல. நேத்துதான் தொறந்தேன்" என்றார். "என் கை தப்புப் பண்ணும்டி வாலு. எழுத்தத் தலைகீழா வெக்காது."

"மார்லா, நான்... எனக்கு அந்தப் பேச்செல்லாம் தெரியாது, சத்தியமா..."

"தெரியும், உனக்குத் தெரியாதுன்னு. சொல்ல வேண்டியது எங்கிட்ட இல்ல."

கோட்டுப் பையிலிருந்து பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பேஸ்ட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். பந்தயத்தில் நான் ஜெயித்திருந்தேன். எடுக்கக் கை வரவில்லை. அவரே பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். அந்தத் தாளின் மேல், சாகவந்த வண்டிகளின் கண்ணாடியில் எழுதும் அதே மஞ்சள் பெயின்டில், ரெய்னோவின் பெயரும் தெருவும் வீட்டு எண்ணும் எழுதியிருந்தன. தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் காய்ந்திருந்தது.

பட்டையைச் சரியாகப் பொருத்தி, மூடி, விளக்கைத் திருப்பினேன். சக்கரங்கள் சொன்ன பக்கம் போயின. நிமிர்ந்தபோது மார்லா என் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, கை நுழைக்கத் தோதாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.